சத்தம் வராத பைப்

மூன்று கிழமைக்கு முன்னர், ஒரு புதன்கிழமை காலை ஏழு மணிக்கு, ஒரு கையில் குடையும் மறு கையில் இடுப்புச் சாரத்தின் நுனியுமாக நான் எங்கள் வீட்டு முன் ஒழுங்கையில் ஒரு பைப்பைத் துரத்திக்கொண்டு ஓடினேன்.

நாயைத் துரத்தலாம். பக்கத்து வளவு ஆட்டைத் துரத்தலாம். பைப்பை யாராவது துரத்துவார்களா?

துரத்த வேண்டியிருந்தது. இருபது அடி நீளம், சாம்பல் நிறம். முழங்கால் அளவு மழைத் தண்ணீரில் மிதந்து, ஒரு அவசரமும் இல்லாமல் கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் இன்னொன்று. அதற்கும் முன்னால்... மொத்தம் பதின்மூன்று. எங்கள் ஒழுங்கையில் அன்று தெப்பத் திருவிழா.

சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். அந்தப் பைப்புகளோடு ஒரு மனிதருடைய பிழைப்பும் போய்க்கொண்டிருந்தது.

அவர் காதர் நானா. கிண்ணியாவிலிருந்து வந்து எங்கள் அடுத்த வளவில் குடியிருப்பவர். சோடாக் கொம்பனி வைத்திருக்கிறார். கொம்பனி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள் — ஒரு கொட்டில், ஒரு மெஷின், ஒரு காஸ் சிலிண்டர், மரப்பெட்டிகளில் போத்தல்கள், பின்பக்கம் ஒரு கிணறு. அவ்வளவுதான். துறைமுகப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகளும் சீனன்குடாவில் ஒரு கன்ரீனும் அவருடைய வாடிக்கை.

"மெஷின் எல்லாரிட்டயும் இரிக்கி ஐயா. என்ட கிணத்துத் தண்ணி எவனிட்ட இரிக்கி?" என்பார்.

அந்தக் கிணற்றிலிருந்து எட்டு அடி தள்ளி, ஒழுங்கைக்குக் கீழே, ஒரு கொங்கிறீட் பைப் போகிறது. இருபது வீட்டுக் கழிவுத் தண்ணீரும் அதற்குள்தான். யார் காலத்தில் தாட்டார்களோ தெரியாது. போன ஆவணியில் கிணற்றுத் தண்ணீரில் ஒரு மணம் வந்தது. சுகாதாரப் பரிசோதகர் — ஊரில் பி.எச்.ஐ. என்றால்தான் தெரியும் — வந்து ஒரு போத்தலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது அவருடைய முகமே முடிவைச் சொன்னது.

"இந்தத் தண்ணியில சோடா போட வேண்டாம் நானா. மழை தொடங்கினாப் பிறகு திரும்ப வந்து எடுப்பன். அப்பவும் இப்பிடி இருந்தால் மெஷினுக்கு சீல் வைக்கவேண்டி வரும்."

அன்று முதல் நானா மாட்டு வண்டிலில் வேறு இடத்துத் தண்ணீர் கொண்டுவந்து சோடா போட்டார். வாடிக்கைக் கடைக்காரர் ஒருவர் குடித்துப் பார்த்துவிட்டுப் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாராம். ஒன்றும் சொல்லவில்லையாம். அதுதான் நானாவுக்குப் பொறுக்கவில்லை.

பைப்புக்குப் பொறுப்பான அரசாங்கக் கந்தோருக்கு எழுதினோம். ஆட்கள் வந்து ஒரு இடத்தில் தோண்டினார்கள். பைப்பின் மேற்பக்கம் தேத்தண்ணீரில் நனைத்த பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. பொருத்துகளுக்குள்ளால் வேப்பமரத்து வேர் உள்ளே போயிருந்தது. ஒழுங்கை முனையில் இந்தப் பைப் வந்து சேரும் குழியும், அதன் கொங்கிறீட் மூடியும் மட்டும்தான் நல்ல நிலையில் இருந்தன.

"மாத்தத்தான் வேணும்" என்றார்கள்.

எப்போது?

"பைப் வரட்டும்."

எப்போது வரும்?

"வரும்."

இதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்குவதற்கு நான் நான்கு முறை கந்தோருக்கு நடந்தேன். நான்காவது முறை கிடைத்த வார்த்தை — "வரும்தானே."

இந்த நேரத்தில்தான் கொழும்பிலிருந்து தேவராஜன் வந்து சேர்ந்தார். பிளாஸ்டிக் சாமான் செய்கிற ஒரு கொம்பனியில் உத்தியோகம். கழுத்துப்பட்டி கட்டிய, நன்றாகக் கதைக்கிற மனிதர். இறக்குமதியைத் திறந்துவிட்ட பிறகு நம் வீடுகளில் வாளி பிளாஸ்டிக், கூடை பிளாஸ்டிக், சுவாமி படத்து மாலையும் பிளாஸ்டிக். அடுத்தது கழிவுக் குழாய் என்று அவருடைய முதலாளிமார் தீர்மானித்திருந்தார்கள். கொங்கிறீட்டை விட்டுப் பிளாஸ்டிக்கைப் புதைக்க இந்த மாவட்டத்தில் யாராவது தயாரா என்று கேட்டுப் படிவம் நிரப்ப வந்திருந்தார். அதற்குச் சந்தை வாய்ப்பு ஆய்வு என்று பெயராம். பேப்பரில் எழுதுகிறவனுக்கு ஊரில் எல்லாரையும் தெரியும் என்று யாரோ அவரை என்னிடம் அனுப்பியிருந்தார்கள்.

அவருடைய பையில் ஒன்றரை அடி நீளத்தில் பைப் துண்டு ஒன்று இருந்தது. எனக்கு நானாவின் கிணறு ஞாபகம் வந்தது. "வாங்கோ" என்று நேரே கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

பைப் வேலைகளை மேற்பார்வை செய்கிற ஓவசியர் நல்ல மனிதர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துண்டை வாங்கித் தூக்கிப் பார்த்தார். பாரமே இல்லை, புருவம் உயர்ந்தது. உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். வழவழப்பு, தலை ஆடியது. எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

பிறகு மேசை லாச்சியைத் திறந்து சின்னச் சுத்தியல் ஒன்றை எடுத்தார். துண்டை மேசையில் நிறுத்தி ஒரு தட்டுத் தட்டினார். காதைக் கிட்டக் கொண்டுபோய் இன்னொரு தட்டு.

இதைத் தெரியாதவர்களுக்குச் சொல்லவேண்டும். கொங்கிறீட் பைப்பைத் தட்டித்தான் எடுப்பார்கள். வெடிப்பில்லாத பைப் மணி மாதிரி 'ணங்' என்று கேட்கும். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தால் 'டொக்' என்று செத்த சத்தம் வரும். குழியில் இறக்கும்போதும் வெடிக்கக்கூடும். ஆகவே இறக்கிய பிறகு ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துத்தான் பொருத்தவேண்டும், அதற்குப் பிறகுதான் மண் மூடவேண்டும். அருமையான வழக்கம். இதற்கென்று கந்தோரில் ஒரு பதிவுப் புத்தகம் இருக்கிறது. ஒவ்வொரு பைப்புக்கும் நேரே 'ஓசை' என்று ஒரு இடம் விட்டிருக்கிறார்கள்.

"இது கத்தேல்லையே" என்றார் ஓவசியர்.

"கத்தாது சேர். இது பிளாஸ்டிக்."

"கத்தாட்டி நல்லதெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"இது வெடிக்காது சேர். வேணுமெண்டால் மேல ஏறி நிண்டு பாருங்கோ."

"நான் ஏறி நிப்பன். புத்தகத்தில என்னத்தை எழுதிறது? ஓவசியர் ஏறி நின்றார் எண்டோ?"

தேவராஜன் விலையைச் சொன்னார். உப்பு மண் தின்னாது என்றார். வேர் புகாது, துரு இல்லை, உக்காது என்றார். ஓவசியர் ஒவ்வொன்றுக்கும் "ஓம், ஓம்" என்றார். எல்லாம் முடிந்ததும் திரும்பவும் தட்டினார்.

"தம்பி, நீங்கள் சொல்லுறது எல்லாம் சரியாத்தான் இருக்கும். எனக்கு முந்தி இந்தக் கதிரையில இருந்தவர் ஒரு லொறி பைப்புக்குத் தட்டாமல் கையெழுத்து வைச்சவர். ரண்டு பைப் வெடிப்பு. பென்சன் எடுக்கும் மட்டும் அந்தப் பைல் அவரை விடேல்லை. தட்டாமல் வைக்க என்னால ஏலாது."

வெளியே வந்ததும் தேவராஜன் படிவத்தை எடுத்தார். 'பிளாஸ்டிக் குழாயை வாங்கத் தயங்குவதற்குக் காரணம்' என்ற கேள்விக்குக் கீழே நாலு பெட்டிகள்: விலை, உறுதி, கிடைக்கும் தன்மை, பழக்கமின்மை. அவர் பேனையை ஒவ்வொரு பெட்டிக்கு மேலும் கொண்டுபோனார். சத்தத்துக்குப் பெட்டி இல்லை. கடைசியில் ஓரத்தில் எதையோ கிறுக்கினார். கொழும்பில் அதை வாசித்தவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ...

இருந்தாலும் மனிதர் விடவில்லை. கொம்பனியோடு கதைத்து, பைப்பை இலவசமாகத் தருகிறோம், ஒரு ஒழுங்கையில் போட்டுப் பாருங்கள் என்று கடிதம் வாங்கிவிட்டார். எங்கள் ஒழுங்கைக்குப் பன்னிரண்டு பைப் போதும். கந்தோர் பதின்மூன்று கேட்டது. வழியில் ஒன்று உடையும் அல்லவா? கொங்கிறீட் உடையும். இது உடையாது என்றார் தேவராஜன். "எதுக்கும் இருக்கட்டும்" என்றது கந்தோர்.

ஒரே ஒரு நிபந்தனை — வேலை முழுவதும் வழக்கமான விதிப்படி நடக்கவேண்டும்.

வழக்கமான விதிப்படி, பைப் இறக்குவதற்கு எட்டுப் பேர் வந்தார்கள். இரண்டு பேர் ஆளுக்கொரு பைப்பைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்கள். மற்ற ஆறு பேரும் கையைக் கட்டிக்கொண்டு, சுவாமி ஊர்வலத்தில் போகிற மாதிரிப் பின்னால் போனார்கள். பழைய பைப்பை உடைத்து எடுத்தாகிவிட்டது. கழிவுத் தண்ணீரை நானாவின் வேலியோரம் ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி விட்டிருந்தார்கள். இரண்டு நாளைக்குத்தானே என்றார்கள்.

மேசன் வேலைக்கு அன்புவழிபுரத்திலிருந்து சின்னத்தம்பி பாஸ். கொங்கிறீட் பைப் தாட்டே தலை நரைத்தவர். பதின்மூன்று பைப்பையும் பழைய பைப் கிடந்த நீளக் குழிக்குள் வரிசையாக இறக்கினார். ஒவ்வொன்றின் இரண்டு வாயையும் தேங்காய்ப் பொச்சு வைத்து, தார் பூசிய சாக்கும் சுற்றி, இறுக்கி அடைத்தார். பொருத்தும்வரை தவளையும் மண்ணும் உள்ளே போகாமல் இருக்க, கொங்கிறீட்டுக்கும் அவர் அப்படித்தான் செய்வார். பொருத்துவது எப்போது?

"ஓவசியர் ஐயா வந்து தட்டினாப் பிறகு."

ஓவசியர் ஐயா வரவில்லை. முதல் நாள் ஜீப்புக்கு டயர் இல்லை. இரண்டாம் நாள் கூட்டம். பிறகு சனி, ஞாயிறு. திங்கள் லீவு. செவ்வாய் திரும்பவும் டயர். பைப் குழிக்குள் கிடந்தது. வேலியோர வாய்க்கால் ஊறிக்கொண்டிருந்தது. காதர் நானா விடிந்ததும் கிணற்றில் ஒரு வாளி அள்ளி மணந்து பார்ப்பார். பிறகு என் கேற்றடிக்கு வருவார்.

"இண்டைக்காவது தட்ட வருவாரா ஐயா?"

எனக்கும் அந்தக் கந்தோர் வார்த்தைதான் வாயில் வந்தது. "வருவார்."

வந்தது மழை.

ஐப்பசி மழை எங்களுக்குப் புதிதா? புதன்கிழமை விடியற்காலையில் தொடங்கி இரண்டு மணித்தியாலத்தில் ஒழுங்கையை நிரப்பிவிட்டது. கொங்கிறீட் பைப் என்றால் குழிக்குள் கிடந்து குளித்திருக்கும். இது பிளாஸ்டிக். இரண்டு வாயையும் காற்றுப் புகாமல் அடைத்த, பாரமில்லாத, உள்ளே வெறுமையான சாமான். சின்னத்தம்பி பாஸ் தன்னை அறியாமல் பதின்மூன்று வள்ளம் கட்டி வைத்திருந்தார்.

அவை ஒவ்வொன்றாக எழும்பி ஒழுங்கைக்கு வந்தன. எங்கள் ஒழுங்கை கடலுக்குச் சரிவு.

ஐந்து பைப்பை வேலிகள் பிடித்துத் தந்தன. நாலை அயலவர்கள் பிடித்தார்கள். ஒன்றை நான் பிடித்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை, அது ஒரு மின்கம்பத்தில் முட்டி நின்றது. மிச்சம் மூன்று. கடற்கரைக்குப் போனால், ஒரு வள்ளக்காரர் அந்த மூன்றையும் மணலில் குறுக்கே போட்டு, அவற்றின் மேலே தன் வள்ளத்தை உருட்டிக் கரை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"இது ஆற்ற சாமான் ஐயா?"

"கந்தோரின்ர."

"எங்க வாங்கலாம்? மரக்கட்டையெண்டால் ஊறிப் பாரமாகிடும். இது ஒரு கையால தூக்கலாம். உப்புத் தண்ணியும் ஒண்டும் செய்யாதுபோல கிடக்கு."

தேவராஜன் ஒரு கிழமையாகத் தொண்டை வறளச் சொன்னதை, இவர் பத்து நிமிடத்தில் தானாகவே கண்டுபிடித்திருந்தார்.

"தட்டிப் பார்த்தனீங்களோ?" என்று கேட்டேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். "வள்ளம் ஏத்துற கட்டையை ஏன் ஐயா தட்டுறது?"

கந்தோர் எதுக்கும் இருக்கட்டும் என்று கேட்டு வாங்கிய பதின்மூன்றாவது பைப்பை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன். அதைக் கையாடல் என்றால், செய்தவன் நான்தான்.

திரும்பி வந்தபோது நானா கிணற்றுக் கட்டில் இரண்டு கையையும் ஊன்றி உள்ளே பார்த்துக்கொண்டு நின்றார். கிணறு பாதிக்கு மேல் வந்திருந்தது. வேலியோர வாய்க்கால் காணாமல் போயிருந்தது. அதில் ஓடியது எங்கே போயிருக்கும் என்று யாரும் சொல்லவேண்டியதில்லை. வருகிற கிழமைக்கு அடுத்த திங்கள் பி.எச்.ஐ. வருவதாக ஆள் அனுப்பியிருந்தார். பாஸ் பக்கத்தில், தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, குற்றவாளி மாதிரி.

"ஒண்டு கேக்கிறன் ஐயா" என்றார் நானா, தலையைத் திருப்பாமல். "ஓவசியர் தட்டாட்டி, அழுக்குத் தண்ணி அந்தப் பைப்புக்குள்ள ஓடமாட்டன் எண்டு சொல்லுமா?"

பதில் சொன்னவர் பாஸ்.

"ஓடும் நானா."

வெள்ளிக்கிழமை மழை விட்டது. குழியை இறைத்தோம். பாஸ் பொச்சையெல்லாம் பிடுங்கி எறிந்தார். ரப்பர் வளையம் போட்டுப் பன்னிரண்டு பைப்பையும் ஒன்றுக்குள் ஒன்று தள்ளினார். வாய் திறந்ததும் ஊற்றுத் தண்ணீர் உள்ளே போய்ப் பைப் அடங்கிப் படுத்தது. ஆனாலும் பாஸுக்கு அதில் நம்பிக்கை போய்விட்டது.

"பாரம் வையுங்கோ நானா, திரும்ப எழும்பிடும்."

நானா கொட்டிலுக்குள் போய்ச் சோடாப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். போத்தலோடு பதினாறு பெட்டி. பைப்பின் முதுகில் வரிசையாக வைத்தார். நாங்கள் பக்கத்தில் மணல் போட்டு இறுக்க இறுக்க, ஒவ்வொரு பெட்டியாக எடுத்தார். ஒரு போத்தலும் உடையவில்லை. கழிவுத் தண்ணீரைப் புதுப் பைப்புக்குள் திருப்பி, பின்னேரம் நாலு மணிக்கு ஒழுங்கை மூடியாகிவிட்டது. விதி மீறுகிறவர்களைப் பற்றி இந்தப் பத்தியில் எத்தனையோ கிழமை எழுதியிருக்கிறேன். அன்று என் கையிலும் மண்வெட்டி இருந்தது.

கிணற்றை மூன்று முறை இறைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டு, ஊற விட்டு, திரும்பவும் இறைத்தார்கள். பி.எச்.ஐ. வந்தார். தண்ணீர் எடுத்தார். இந்தச் செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது. நானா உறையைப் பிரிக்காமல் என்னிடம் கொண்டுவந்தார்.

"எனக்கு வாசிக்கத் தெரியும். நீங்க வாசிச்சா நம்புவன்."

தண்ணீர் நல்லது. சோடாவுக்குப் பாவிக்கலாம். கொட்டிலில் மெஷின் ஓடத் தொடங்கிய சத்தம் என் வீடுவரை கேட்டது.

இதோடு முடிந்திருக்கலாம். ஆனால் புதன்கிழமை காலை, பதிவுப் புத்தகமும் சுத்தியலுமாக ஓவசியர் வந்து இறங்கினார். தட்டுவதற்கு.

ஒழுங்கை முழுக்க மண். அவர் அங்குமிங்கும் நடந்து பார்த்தார்.

"ஆர் மூடச் சொன்னது?"

நாங்கள் பாஸைப் பார்த்தோம், பாஸ் வேப்பமரத்தைப் பார்த்தார்.

"தோண்டுங்கோ. தட்டாமல் நான் எப்பிடி எழுதிறது?"

தோண்டினால் என்ன நடக்கும்? வேலியோர வாய்க்கால் திரும்ப வரும். மழை வரும். ஜீப்புக்கு டயர் இல்லாமல் போகும். நானாவின் கையில் அந்தக் கடிதம் இருந்தது. அதை நீட்டினார்.

"நேத்துத்தான் வந்திச்சி ஐயா."

ஓவசியர் கடிதத்தை மேலிருந்து கீழ்வரை வாசித்தார். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். கொட்டிலுக்குள் ஓடுகிற மெஷினைப் பார்த்தார். அவருக்கும் தோண்ட விருப்பமில்லை. அது நன்றாகத் தெரிந்தது. ஆனால் புத்தகம் கக்கத்தில் இருந்தது.

சின்னத்தம்பி பாஸ் செருமினார். "ஐயா... பைப் எல்லாம் அந்தக் குழிக்குள்ளதான் வந்து விழுது. அந்த மூடியும் இந்த லைன்தானே."

ஒழுங்கை முனையில், பழைய கொங்கிறீட் மூடி. ஓவசியர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நடந்துபோய்க் குந்தினார். காதைச் சரித்துக்கொண்டு, சுத்தியலால் ஒரு தட்டு.

ணங்.

பன்னிரண்டு பைப் அல்லவா? பன்னிரண்டு தரம் தட்டினார். நான் எண்ணினேன். ஒன்றுகூடக் குறையவில்லை. நேர்மையான மனிதர். ஒவ்வொரு தட்டுக்கும் பிறகு புத்தகத்தில் ஒரு வரி எழுதினார். நானா ஒரு சோடாவை உடைத்து நீட்டினார். டியூட்டியில் குடிக்கிறதில்லை என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அவர் புத்தகத்தை மூடுமுன் எட்டிப் பார்த்தேன். 'பிளாஸ்டிக் பைப், பன்னிரண்டு. ஓசை: நன்று.'

தேவராஜனுக்கு இதை எப்படி எழுதுவது என்றுதான் இன்னும் யோசிக்கிறேன். அடுத்த முறை அவர் ஒரு லொறி நிறையக் கொண்டுவந்து இறக்கினாலும் கந்தோர் வாங்காது. தட்டிப் பார்ப்பார்கள், சத்தம் வராது, திருப்பி அனுப்பிவிடுவார்கள் — முந்தி வந்த பிளாஸ்டிக் நன்றாகக் கத்தியது என்று பதிவிலேயே இருக்கிறதே.